அஞ்சு நிமிஷ வேலைதானே: டெஸ்க்டாப்பில் டிஸ்க் கன்ட்ரோலர் கார்டு மாட்டிய கதை

2023 பிப்ரவரி 11, மாலை (வந்த கேள்வி)

என்னுடையது இன்டெல் எச்81 சிப்செட் உள்ள பழைய மதர்போர்டு. டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட் நாலும் நிரம்பிவிட்டது. இன்னும் நாலு ஹார்ட் டிஸ்க் மாட்ட வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் நாலு போர்ட் கார்டை எடுத்து நீட்டி, "ஸ்லாட்ல செருகு, ஸ்க்ரூ போடு, அஞ்சு நிமிஷ வேலை" என்கிறார்கள். பக்கத்துக் கடையில், அதெல்லாம் வேண்டாம், சர்வரில் கழட்டிய கார்டு வாங்கு என்கிறார்கள். உண்மையிலேயே அஞ்சு நிமிஷம்தானா? எதை வாங்கலாம்?

2023 பிப்ரவரி 11, இரவு

ஸ்க்ரூ போட அஞ்சு நிமிஷம், அது உண்மை. மற்றதெல்லாம் கார்டில் எந்த சிப் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அட்டைப்பெட்டியில் போர்ட் எண்ணிக்கையைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், சிப் பெயர் இருக்காது. கார்டைக் கையில் வாங்கி, மொபைல் கேமராவில் பெரிதாக்கி, சிப் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஹீட்சிங்க் மறைத்தால் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் வேறு கடை.

ஏஎஸ்எம்1062 என்று இருந்தால் அது இரண்டே போர்ட்டுக்கான சிப். அந்தக் கார்டில் நாலு, ஆறு என்று போர்ட் தெரிந்தால், போர்ட் மல்டிப்ளையர் என்று இன்னொரு சிப்பை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். தெருவுக்கு ஒரு குழாய், ஆறு குடம். ஒரு டிஸ்க் மக்கர் செய்தால் பின்னால் நிற்கும் வரிசையும் சேர்ந்து நிற்கும். அசல் நாலு போர்ட் சிப் வேண்டுமென்றால் ஏஎஸ்எம்1064. அஞ்சுக்கு ஜேஎம்பி585, ஆறுக்கு ஏஎஸ்எம்1166.

உங்கள் போர்டில் இன்னொரு விஷயம். எச்81-ன் சின்ன ஸ்லாட்டுகள் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0. அவற்றில் ஒரே லேன், அதாவது டேட்டா போகும் ஒரே பாதை. ஒரு லேனுக்கு வினாடிக்கு 500 எம்பி, கைக்கு வருவது நானூறு சொச்சம். ஏஎஸ்எம்1064 தன்னளவில் 3.0 வேகம் தெரிந்த சிப்தான், ஆனால் ஸ்லாட் 2.0 என்றால் அதுவும் 2.0-வில்தான் ஓடும். நாலு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் ஓடினால் தலைக்கு நூறு. படம் பார்க்க, பழைய ஃபைல் போட்டு வைக்க அது தாராளம். நாலையும் ஒன்றாக இணைத்து ரெய்டு போட்டு, அதில் ஒன்று செத்து, புது டிஸ்க்கில் தரவைத் திரும்பக் கட்டும் ரீபில்டு ஓடும்போதுதான் வலிக்கும்.

நானும் எச்81 ஆசாமிதான். சர்வர் கார்டுக்கு ஆர்டர் போட்டாச்சு. கரூரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். 4கே-யில் வினாடிக்கு 100 மெகாபிட் என்று பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூணு கேமராவும் சேர்ந்து இருபது மணி நேரம் என்று வைத்தால் ஒரு கல்யாணத்துக்கு 900 ஜிபி. ஆல்பம் கொடுத்து மூணு வருஷம் கழித்து, "அந்த ஒரிஜினல் கிளிப்பெல்லாம் இருக்கா தம்பி?" என்று பெண்ணின் அப்பா வந்து நிற்பார். அழித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. அவருக்கு இன்னும் ஒரு பெண் இருக்கிறாள்.

2023 பிப்ரவரி 12, காலை

நேற்று சொல்லாமல் விட்டது. எச்81-ன் நாலு போர்ட்டும் ஒன்றல்ல. இரண்டு 6 கிகாபிட், இரண்டு 3 கிகாபிட். சுழலும் டிஸ்க்குக்கு 3 போதும், அது தலைகீழாக நின்றாலும் முந்நூறு எம்பி தராது. எஸ்எஸ்டி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். என்னுடையது ரெண்டு வருஷமாக மெதுவான போர்ட்டில் கிடந்தது. இன்று காலைதான் பார்த்தேன்.

2023 பிப்ரவரி 19

கார்டு வந்தது. எல்எஸ்ஐ கம்பெனியின் சாஸ்2008 சிப். சாஸ் என்பது சர்வர் டிஸ்க்குகளின் இணைப்பு முறை, சாட்டா டிஸ்க்கும் அதில் ஓடும். 9211-8ஐ என்ற மாடலின் உடன்பிறப்பு, ஒரு பெரிய சர்வர் கம்பெனி தன் பெயரை ஒட்டி விற்றது. எட்டு லேன், எட்டு டிஸ்க். நன்றாக உழைத்த கார்டு, ஓரத்தில் யாரோ மார்க்கரில் எழுதிய நம்பர் இன்னும் இருக்கிறது.

முதல் இடறல்: பிராக்கெட். கார்டோடு வந்தது குட்டை சர்வருக்கான அரை உயரத் தகடு. என் கேபினெட் முழு உயரம். தகட்டைக் கழட்டிவிட்டுச் செருகினேன், கார்டு ஸ்லாட்டின் பிடியில் மட்டும் நிற்கிறது. வாங்கும்போதே முழு உயரத் தகடு உண்டா என்று கேட்டுவிடுங்கள், தனியாகத் தேடினால் கிடைப்பதற்குள் ஆயுசு போய்விடும்.

என் போர்டில் நீளமான ஸ்லாட் ஒன்றுதான். கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, சிபியுவில் இருக்கும் கிராஃபிக்ஸே போதும், அதனால் அந்த இடம் காலி. செருகினேன். பவர் பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டரில் ஒன்றும் இல்லை. கார்டை எடுத்தால் மெஷின் வருகிறது. செருகினால் இல்லை. நாலு முறை பார்த்தேன்.

செத்த கார்டை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று விற்றவருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். அதில் எழுதியதை இங்கே போட முடியாது.

2023 பிப்ரவரி 20

மெசேஜை அழித்துவிட்டேன். ஆனால் நீல டிக் விழுந்துவிட்டது.

கார்டு சாகவில்லை. அவர்தான் விஷயத்தைச் சொன்னார், திட்டியதைக் கண்டுகொள்ளாமல். சர்வர் கம்பெனிகளின் சில கார்டுகள் டெஸ்க்டாப் போர்டில் இப்படிச் செய்யும். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் எஸ்எம்பஸ் என்று இரண்டு கம்பி உண்டு. ஆன் செய்ததும் போர்டு அந்தக் கம்பியில்தான் ரேம் ஸ்டிக்கிடம் "நீ எத்தனை ஜிபி, என்ன வேகம்" என்று விசாரிக்கும். கார்டும் அதே கம்பியில் குறுக்கே பேசினால் ரேம் சொல்வது போர்டுக்குக் கேட்காது. ரேமே இல்லை என்று முடிவுகட்டி அப்படியே நின்றுவிடும். சர்வர் போர்டில் இந்தச் சண்டை வராது.

மருந்து: அந்த இரண்டு பின்னை மூடிவிட வேண்டும். சிப் இருக்கும் பக்கம் உங்களைப் பார்த்திருக்கட்டும். பிராக்கெட் இருக்கும் முனையிலிருந்து தங்க நிறப் பட்டைகளை எண்ணுங்கள். அஞ்சும் ஆறும். பி5, பி6 என்பார்கள். அந்த இரண்டின் மேல் மட்டும் கப்டன் டேப். அதாவது மொபைல் சர்வீஸ் கடையில் இருக்குமே, மஞ்சள் கலரில் கண்ணாடி மாதிரி ஹீட் டேப், அதுதான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் கேட்டேன். எதுக்குண்ணா என்றான். சொன்னேன். காசு வாங்காமல் உள்ளங்கை அளவுக்கு வெட்டிக் கொடுத்து, வேலை செஞ்சா சொல்லுங்கண்ணா என்றான்.

இரண்டு பட்டை சேர்ந்து ரெண்டு மில்லிமீட்டர் அகலம்தான். கத்தரியால் முடியவில்லை, ஆல்பம் ஒட்ட வைத்திருக்கும் பிளேடால் வெட்டி, ட்வீசரில் பிடித்து ஒட்டினேன். மூணாவது முயற்சியில்தான் ஏழாவது பட்டையைத் தொடாமல் உட்கார்ந்தது. செருகும்போது டேப் சுருண்டு மேலே ஏறிவிடும், நேராக ஒரே அழுத்தாக அழுத்துங்கள்.

மானிட்டர் வந்தது.

2023 பிப்ரவரி 20, இரவு

மேலே எழுதியதைப் படித்தால் எல்லாக் கார்டுக்கும் டேப் ஒட்ட வேண்டும் என்பதுபோல இருக்கிறது. இல்லை. முதலில் ஒட்டாமல் செருகிப் பாருங்கள். வந்தால் விட்டுவிடுங்கள். வராவிட்டால்தான் பிளேடு.

2023 பிப்ரவரி 22

அடுத்த பஞ்சாயத்து ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள்ளேயே எழுதியிருக்கும் மென்பொருள். இந்தக் கார்டுகள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ரெய்டு ஃபர்ம்வேர் இருந்தால் டிஸ்க்குகளைத் தானே கட்டி மேய்க்கும், ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு முழுசாகக் காட்டாது. ஐடி மோடு என்ற ஃபர்ம்வேர் இருந்தால் வெறும் தபால்காரர் மாதிரி, வந்ததை அப்படியே கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நான் ட்ரூநாஸ் என்ற சேமிப்பு ஆபரேட்டிங் சிஸ்டம் போடுகிறேன், அதில் டிஸ்க்குகளைத் தானே நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ். அதற்கு இரண்டாவதுதான் வேண்டும், டிஸ்க்குக்கும் அதற்கும் நடுவில் யாரும் கணக்குப் பார்க்கக் கூடாது.

ஐடி மோடு போட்டுத்தான் தருகிறேன் என்று சொல்லி விற்றார். போடவில்லை. (திட்டியதில் பாதி நியாயம் என்று இப்போது தோன்றுகிறது.)

நானே மாற்றினேன். முழு விவரம் எழுதினால் இந்தப் பக்கம் தாங்காது, இடறிய இடங்களை மட்டும் சொல்கிறேன். பழைய ஃபர்ம்வேரைத் துடைக்க மெகாரெக் என்ற டாஸ் புரோகிராம். யுஎஸ்பியில் ஃப்ரீடாஸ் என்ற இலவச டாஸ் போட்டு அதை ஓட்டினேன், ஓடியது. அடுத்து, புது ஃபர்ம்வேரை எழுத சாஸ்2ஃபிளாஷ். அது டாஸில் வராது என்று அடம்பிடித்தது, பிஏஎல் தொடங்க முடியவில்லை என்று ஒரு வரி. பழைய பயாஸுக்குப் பதிலாக யுஇஎஃப்ஐ உள்ள போர்டுகளில் இது சகஜம். அதே புரோகிராமின் யுஇஎஃப்ஐ பதிப்பை, யுஇஎஃப்ஐ ஷெல்லில் நுழைந்து ஓட்டினால் சமர்த்தாக வேலை செய்கிறது.

துடைப்பதற்கு முன்னால் கார்டின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் சாஸ் முகவரியை (அந்தக் கார்டுக்கே உரிய நம்பர்) போட்டோ எடுத்து வையுங்கள். பதினாறு இலக்கம், 5-ல் தொடங்கும். துடைத்தால் அதுவும் போய்விடும், கடைசியில் நாம்தான் கையால் அடித்துக் கொடுக்க வேண்டும். புது ஃபர்ம்வேரில் பி20 வரிசையின் 20.00.07.00 பதிப்பையே போடுங்கள். அந்த வரிசையின் முதல் சில பதிப்புகளில் டிஸ்க்குகள் பிழை கொட்டுகின்றன என்று ஊரெல்லாம் புலம்பல்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு வெறும் தகடாகிவிடலாம். யுபிஎஸ் போட்டுத்தான் செய்தேன். இருந்தாலும் அந்த ரெண்டு நிமிஷமும் வீட்டில் யாரையும் மிக்ஸி போட விடவில்லை. யுபிஎஸ்ஸுக்கும் மிக்ஸிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். சம்பந்தம் இல்லை. பயத்துக்கும் மிக்ஸிக்கும்தான்.

2023 பிப்ரவரி 26

எட்டு டிஸ்க்குக்கு இரண்டு கேபிள். கார்டு பக்கம் ஒரே அகலமான கனெக்டர், மறுமுனையில் நாலு சாட்டா வால். நாலையும் மாட்டினேன். கார்டு தெரிகிறது, டிஸ்க் ஒன்றுகூட இல்லை. கார்டில் போர்ட் போய்விட்டது என்று தோன்றியது. இந்த முறை யாருக்கும் மெசேஜ் அனுப்பவில்லை. ஒரு பாடம் கற்றிருந்தேன்.

கேபிள்தான். இதில் இரண்டு ஜாதி. ஃபார்வர்ட் என்பது கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போவது. ரிவர்ஸ் என்பது போர்டின் நாலு சாட்டா போர்ட்டிலிருந்து சர்வர் பெட்டியில் டிஸ்க்குகள் செருகும் பலகையான பேக்பிளேனுக்குப் போவது. பார்க்க இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான், கனெக்டரும் அதே கனெக்டர், உள்ளே கம்பிகளைப் பின்னியதில்தான் வித்தியாசம். எனக்கு வந்தது ரிவர்ஸ். கவரில் எழுதவில்லை, பில்லில் மட்டும் சின்னதாக "ஆர்" என்று ஒரு எழுத்து.

திருப்பி அனுப்பி மாற்றி வாங்க ஆறு நாள். அதுவரை கேபினெட் மூடி திறந்தே கிடக்கிறது, உள்ளே பல்லி ஒன்று குடிவந்திருக்கிறது.

2023 மார்ச் 5

ஃபார்வர்ட் கேபிள் வந்து மாட்டி, ஏழு டிஸ்க் தெரிகிறது. எட்டாவது தெரியவில்லை. சுற்றும் சத்தமே இல்லை, விரலை வைத்தால் அதிர்வு இல்லை. அது ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் பிளாஸ்டிக் கூட்டை உடைத்து எடுத்தது.

எட்டாவது போர்ட் செத்துவிட்டது என்று முடிவு செய்து, கேபிள் வால்களை மாற்றி மாற்றி மாட்டினேன். எங்கே போட்டாலும் அந்த டிஸ்க் மட்டும் எழவில்லை. சரி, டிஸ்க் அவுட் என்று பழைய கூட்டிலேயே வைத்து யுஎஸ்பியில் கொடுத்தால் ஜம்மென்று ஓடுகிறது.

விஷயம் இது. சாட்டா பவர் கனெக்டரில் முதல் மூணு பின் பழைய வழக்கப்படி 3.3 வோல்ட். புதிய வழக்கப்படி மூணாவது பின்னில் வோல்ட் வந்தால் "தூங்கு" என்று அர்த்தம். டேட்டா சென்டரில் தொங்கிப்போன டிஸ்க்கை எட்டத்திலிருந்தே அணைத்துப் போடுவதற்காக வந்த ஏற்பாடு. நம் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) பழைய வழக்கம், அந்தப் பின்னில் எப்போதும் 3.3 கொடுத்துக்கொண்டே இருக்கிறது. டிஸ்க் புதிய வழக்கம், எஜமான் தூங்கச் சொல்கிறார் என்று தூங்கிக்கொண்டே இருக்கிறது.

மீண்டும் மஞ்சள் டேப். டிஸ்க்கின் பவர் கனெக்டரில் முதல் மூணு பின்னை மூடினேன். எழுந்துவிட்டது. மொபைல் கடைப் பையனிடம் போய்ச் சொன்னேன், மறுபடியும் டேப் வேலை செஞ்சுச்சு என்று. இவ்வளவு பெரிய மெஷினே டேப்லதான் ஓடுதாண்ணா என்றான்.

2023 மார்ச் 6

டேப்புக்குப் பதிலாக எஸ்எம்பிஎஸ்ஸின் பழைய நாலு பின் மோலெக்ஸ் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் போடலாமே என்று கேட்டிருந்தார்கள். போடலாம், மோலெக்ஸில் 3.3 கம்பியே கிடையாது. ஆனால் கனெக்டரைப் பார்த்து வாங்குங்கள். கம்பிகளை வைத்து மேலே பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிய மாதிரி ஒரே கட்டியாக இருந்தால் வேண்டாம். அதில் உள்ளே கம்பிகள் நகர்ந்து ஒன்றையொன்று தொட்டு, கனெக்டர் உருகித் தீப்பிடிக்கலாம். பின்பக்க மூடியைத் திறக்கலாம், கம்பிகள் தனித்தனியாகக் கிளிப்பில் இறுகியிருக்கும் வகை என்றால் பரவாயில்லை. ஒரே கேபிளிலிருந்து நாலு, அஞ்சு என்று கிளை பிரிக்கவும் வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் பற்றியும் ஒரு வரி. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்குப் பசி குறைவு. நின்ற நிலையிலிருந்து எழும்பும் அந்தச் சில வினாடிதான் 12 வோல்ட்டில் ரெண்டு ஆம்பியர் வரை இழுக்கும். எட்டும் ஒன்றாக எழுந்தால் 16 ஆம்பியர், கிட்டத்தட்ட 190 வாட், டிஸ்க்குக்கு மட்டும். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக என்ன ஆம்பியர் போட்டிருக்கிறது என்று படியுங்கள்.

2023 மார்ச் 18

இதெல்லாம் புது வித்தையா என்று பேச்சு வந்தது. இல்லை. 2002-ல் நான் வேலைக்குச் சேர்ந்த ஸ்டூடியோவிலேயே இந்தக் கூத்து நடந்தது.

அப்போது 160 ஜிபி மேக்ஸ்டர் டிஸ்க் வந்த புதுசு. பெட்டியிலேயே டிஸ்க்கோடு ஒரு பிசிஐ கார்டும் இருந்தது. எதற்கு இது என்று யாருக்கும் புரியவில்லை. காரணம், அதுவரை டிஸ்க்கின் இடங்களுக்கு நம்பர் போட 28 பிட் மட்டுமே. இரண்டின் 28-வது அடுக்கை 512 பைட்டால் பெருக்கினால் 137 ஜிபி வரும். அதற்கு மேல் கதவு எண்ணே கிடையாது. 48 பிட் தெரிந்த கார்டு போட்டால் முழு 160-ம் தெரியும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு அந்த ஞானம் 2002 செப்டம்பரில் முதல் சர்வீஸ் பேக் வந்தபோதுதான் வந்தது.

கார்டு போட்டு, முழுசாக ஃபார்மட் செய்து, நாலு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு நாள் அந்தக் கார்டின் பூட் திரை நேரம் தின்கிறது என்று, டிஸ்க்கைக் கழட்டி போர்டின் போர்ட்டிலேயே மாட்டினேன். சர்வீஸ் பேக் போடாத எக்ஸ்பி. ஃபைல்கள் எல்லாம் தெரிந்தன. ஒரு வீடியோ கேசட்டை ஓட்டி டிஸ்க்கில் கேப்சர் செய்தேன். டிஸ்க் ஏறக்குறைய நிறைந்திருந்ததால் அது 137-க்கு மேல் எழுதப் போயிற்று. மேலே நம்பர் இல்லை, அதனால் சுற்றிக்கொண்டு டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் எழுதியது. தொடக்கத்தில்தான் எந்த ஃபைல் எங்கே என்ற கணக்கே இருக்கும்.

அடுத்த முறை ஆன் செய்தபோது டிஸ்க் காலி என்றது. பதினோரு கல்யாணம். கேசட்டுகள் இருந்ததால் தப்பினோம், திரும்ப ஓட்டி ஏற்ற ரெண்டு வாரம் ஆனது. முதலாளி திட்டவில்லை. சம்பளம் கொடுக்கும்போது அந்தக் கார்டையும் கவரில் வைத்துக் கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன்.

2023 மார்ச் 19

வேகம் கேட்டிருந்தார்கள், நேற்று எங்கேயோ போய்விட்டேன். எட்டு லேனும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையின் நீள வடிவத்தில் இணைப்பு நிலை என்ற வரியைப் பாருங்கள். 5 ஜிடி (2.0-வின் வேகம்), எக்ஸ்8 (எட்டு லேன்) என்று வர வேண்டும். எனக்கு முதலில் எக்ஸ்4 என்று வந்தது. பிராக்கெட் இல்லாததால் கேபிள் இழுத்து, கார்டு ஒரு நூல் சாய்ந்திருந்தது. நேராக்கியதும் எட்டு. பழைய கேபினெட் தகடு ஒன்றை வெட்டி பிராக்கெட் மாதிரி செய்து ஸ்க்ரூ போட்டுவிட்டேன். அசிங்கமாக இருக்கிறது. நிற்கிறது.

2023 ஏப்ரல் 2

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் பட்டியலில், ஒரு டிஸ்க்கில் 199-வது வரி, யுடிஎம்ஏ சிஆர்சி பிழை, 31 காட்டியது. டிஸ்க் சாகப் போகிறது என்று பதறாதீர்கள். அது தட்டு கெட்டதற்கான எண் அல்ல, டிஸ்க்குக்கும் கார்டுக்கும் நடுவில் தரவு கெட்டதற்கானது. பெரும்பாலும் கேபிள். பார்த்தால் பக்கத்து மூடி அந்த வாலை அழுத்தி, கனெக்டரிலேயே மடித்திருக்கிறது. வேறு பக்கமாகச் சுற்றிவிட்டேன்.

இந்த எண் குறையவே குறையாது. ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். 31 என்று டிஸ்க் மேல் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.

2023 மே 14

கத்திரி தொடங்கிப் பத்து நாள். மதியம் மூணு மணிக்கு 900 ஜிபி காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது எட்டு டிஸ்க்கும் ஒரே வினாடியில் காணாமல் போயின. ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் சுகம். மறுநாள் அதே நேரம், அதே கதை. ராத்திரியில் வருவதில்லை.

டேப், ஃபர்ம்வேர், கேபிள், 3.3 வோல்ட், மூடி என்று அஞ்சு முறை நான் பழி போட்டு அஞ்சு முறையும் நிரபராதியாக வந்த கார்டு. இந்த முறை அதைச் சந்தேகிக்கவே இல்லை. எட்டும் ஒன்றாக விழுகிறது என்றால் பவர்தான் என்று புது எஸ்எம்பிஎஸ் வாங்கிப் போட்டேன். மூணாம் நாள் மூணு மணிக்கு மறுபடியும் விழுந்தது.

கடைசியில் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டேன். டிஸ்க்கெல்லாம் வெதுவெதுப்பு. கார்டின் ஹீட்சிங்க்கில் விரல் வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். தோசைக்கல். நுனி சிவந்துவிட்டது.

ஆமாம், இந்த முறை கார்டுதான். அதுவும் அதன் தப்பு என்று சொல்ல முடியாது. சர்வர் பெட்டியில் முன்னாலிருந்து பின்னால் வரை காற்று ஊளையிட்டுக்கொண்டு போகும். இந்தக் கார்டுக்கு நிமிஷத்துக்கு 200 அடி வேகத்தில் காற்று மேலே ஓட வேண்டும் என்பதுதான் கணக்கு. அதை நம்பித்தான் ஃபேன் இல்லாமல் குட்டி ஹீட்சிங்க் வைத்திருக்கிறார்கள். என் கேபினெட்டில் அந்த மூலையில் காற்று என்பதே கிடையாது. ஸ்டூடியோ ஏசி எடிட்டிங் ரூமுக்குத்தான், மெஷின் இருப்பது மாடிப்படிக்குக் கீழே.

ஹீட்சிங்க்கைக் கழட்டினேன். ரெண்டு ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் பின், பின்னாலிருந்து மெதுவாக அமுக்கினால் வரும். உள்ளே பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. சுரண்டி, புதுப் பேஸ்ட் ஒரு மிளகு அளவு. 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை ஹீட்சிங்க் மேலேயே ரெண்டு கேபிள் டையால் கட்டிவிட்டேன்.

2023 மே 21

ஒரு வாரம், தினமும் மதியம் வேண்டுமென்றே பெரிய காப்பி ஓட்டுகிறேன். விழவில்லை. ஹீட்சிங்க்கில் விரலை வைத்து பத்து எண்ண முடிகிறது. டிஸ்க்குகளின் சூட்டை ஸ்மார்ட் காட்டும், கார்டின் சூட்டை அது காட்டாது, அதனால் விரல்தான் தெர்மாமீட்டர்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை யாராவது வாங்கிக்கொள்கிறீர்களா? அதற்கு ஒன்றும் இல்லை.

2023 ஜூலை 9

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். இத்தனையும் படித்துவிட்டு ஏஎஸ்எம்1064 சிப் உள்ள நாலு போர்ட் கார்டையே வாங்கினாராம். சின்ன ஸ்லாட், நாலு டிஸ்க், செருகினார், ஸ்க்ரூ போட்டார், வந்துவிட்டது. நேரம் பார்த்தாராம். நாலரை நிமிஷம்.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் தேவைக்கு அது சரி. தனி டிரைவர் வேண்டாம், எல்லா ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் தெரிந்த சாதாரண ஏஎச்சிஐ முறை. சூடு இல்லை. இன்னொன்று, என் கார்டு பவர் சேமிப்பில் படு மோசம், அது இருக்கும்வரை சிபியு ஆழ்ந்து தூங்கப் போகாது. இரவெல்லாம் சும்மா நிற்கும் மெஷினுக்கு அது கரண்ட் பில்லில் தெரியும். நாலு டிஸ்க் போதும் என்றிருந்தால் நானும் அதையே வாங்கியிருக்கலாம். எட்டுக்கு இப்போதும் சர்வர் கார்டுதான் என் கட்சி.

2023 செப்டம்பர் 17

எச்81 ஓய்வு பெற்றது. ஏஎம்டி சிபியுவுக்கான பி550 போர்டு ஒன்று கைக்கு வந்தது, கார்டை அதற்கு மாற்றினேன். இரண்டாவது நீள ஸ்லாட் பார்க்கத்தான் பதினாறு, உள்ளே நாலு லேன். இந்தக் கார்டுக்கு வினாடிக்கு 2 ஜிபி கிடைக்கும். எட்டு டிஸ்க் தலைக்கு இருநூறு என்றாலும் 1.6-தான். போதும். வாங்குவதற்கு முன்னால் போர்டின் மேனுவலில் லேன் பட்டியலைப் பாருங்கள், பல போர்டுகளில் எம்.2 என்ற குட்டி ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் ரெண்டு சாட்டா போர்ட்டோ ஒரு ஸ்லாட்டோ அணைந்துவிடும்.

மாட்டும்போது அந்த மஞ்சள் டேப் கண்ணில் பட்டது. ஏழு மாதத்தில் ஓரம் லேசாகச் சுருண்டிருந்தது. இந்தப் போர்டுக்குத் தேவையா என்று பார்க்க ஒரு ஆசை. ட்வீசரால் உரித்தேன். செருகினேன். ஆன் செய்தேன்.

வந்துவிட்டது. எட்டு டிஸ்க்கும்.

டேப்பைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.